சபை தேடுறவங்களுக்கு ரெண்டு பழைய கடிதங்கள்

வேலைக்காக ஊர் மாறுற கிறிஸ்தவ நண்பர்கள் எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "இங்க எந்த சர்ச் நல்லாருக்கும்?" பதிலும் எப்பவும் ஒரே மாதிரிதான். அங்க பாட்டு சூப்பர், இங்க பிரசங்கம் சின்னது, அங்க பார்க்கிங் ஈஸி. நானும் இப்படித்தான் நாலு சபை மாறினேன். ஆராதனையில எதைப் பார்க்கணும்னு குழம்பினப்போ, ஆரம்ப காலத்துல என்னதான் நடந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல் சாட்சி கிறிஸ்தவரே இல்லை. பிளினி என்ற ரோமானிய ஆளுநர். இன்றைய துருக்கியின் வடக்குப் பகுதியை ஆண்டவர், கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தவர். கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். விசாரணையில் அவருக்குக் கிடைத்த தகவல் இதுதான்: இவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள். திருட மாட்டோம், விபச்சாரம் செய்ய மாட்டோம், சொன்ன வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்ததைக் கேட்கும்போது மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். கலைந்துபோய், பிறகு மறுபடி கூடிச் சாதாரண உணவைச் சாப்பிடுகிறார்கள்.

கவனிச்சீங்களா? பாட்டு இருக்கு. ஆனா அந்தப் பாட்டுக்குப் பக்கத்துலயே வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்கிற நேர்மையும் இருக்கு.

அடுத்தவர் ஜஸ்டின். ரோம் நகரில் வாழ்ந்த கிறிஸ்தவ தத்துவ ஆசிரியர். கி.பி. 155 வாக்கில், பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும். தலைவர் புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பத்துக்காகவும் ரசத்துக்காகவும் நன்றி சொல்லிப் பகிர்வார்கள். வராதவர்களுக்கு உதவியாளர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதி உள்ளவர்கள் விருப்பப்பட்டுத் தரும் காணிக்கை அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆகியோருக்குப் போகும்.

கடைசி ஆளு யாரு? ஊருக்குப் புதுசா வந்தவர். அதாவது நம்மள மாதிரி ஆளுங்க!

சரி, இந்த அம்சமெல்லாம் இருந்தா போதுமா? போதாதுங்கிறதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்க தேவாலயம் இரண்டு சிறகுகளாகப் பிரிந்திருந்தது. உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் இன்னொரு பக்கம். பீடம் மட்டும் ஒன்று. வாசிப்பு, ஜெபம், நற்கருணை எல்லாம் முறையாகவே நடந்தன. ஜஸ்டின் சொன்ன "ஒரே இடத்தில்" என்பதுதான் இல்லை. தடுப்பு இடிக்கப்பட்டது 1910இல். அதை எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது, தோற்றது.

அதனால இப்ப யாராவது கேட்டா, நான் மூணு விஷயம் பார்க்கச் சொல்றேன். வேதம் பொறுமையா வாசிக்கப்படுதா? காணிக்கை யாருக்குப் போகுது? வராதவங்களை யாராவது தேடுறாங்களா?

நாலாவது சபையில எனக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு வாரம் போகல. மூணாவது ஞாயிறு ஒரு அக்கா கஞ்சியோட கதவைத் தட்டினாங்க. அங்க ஸ்பீக்கர் இன்னும் கரகரன்னுதான் கேக்குது. நான் அங்கயேதான் இருக்கேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.