மணி யாருக்கு முதலில் ஒலிக்க வேண்டும்?

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கின் ஆஷ் கட்டடத்தில் 8, 9, 10ஆம் மாடிகளில் இயங்கியது ட்ரையாங்கிள் தொழிற்சாலை. பெண்களுக்கான மேல்சட்டைகள் அங்கே தைக்கப்பட்டன. வேலை முடியும் நேரத்தில் 8ஆம் மாடியில் தீப்பிடித்தது. அந்த மாடியின் கணக்கர் தீனா லிஃப்ஷிட்ஸ், முதலாளிகளின் அலுவலகம் இருந்த 10ஆம் மாடிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். 9ஆம் மாடிக்குப் பேசவும் 10ஆம் மாடியிலிருந்துதான் இணைப்புத் தர வேண்டும். அந்தப் பதற்றத்தில் இணைப்பு கிடைக்கவில்லை.

10ஆம் மாடியில் இருந்தவர்கள், முதலாளிகள் உட்பட, ஏறக்குறைய எல்லோரும் கூரை வழியாகத் தப்பினார்கள். 9ஆம் மாடியில் மணி எதுவும் ஒலிக்கவில்லை. சேதியும் தீயும் சேர்ந்தே வந்தன. ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி 6ஆம் மாடி வரைதான் எட்டியது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகள்.

இந்தத் தொழிலாளர்கள் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். 1909இல் நியூயார்க்கின் தையல் பெண்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் ட்ரையாங்கிள் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்கத்தான் ஆளில்லை. தீயை நேரில் கண்ட ஃப்ரான்சஸ் பெர்கின்ஸ், பிறகு அமைந்த தொழிற்சாலை விசாரணைப் பணியில் முன்நின்றார். தீப்பயிற்சியும், வேலை நேரத்தில் பூட்டக்கூடாத கதவுகளும் சட்டமாயின. 1933இல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சரானார்.

இன்று பெரிய கட்டடங்களில் அபாய மணியை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்குகிறது. அதற்கு நிரல் எழுதுபவர் முதலில் ஓர் அட்டவணை போடுகிறார்: எந்த உணர்கருவி புகையைக் கண்டால் எந்த மாடியில் மணி ஒலிக்க வேண்டும், எந்தக் கதவின் பூட்டு விடுபட வேண்டும், லிஃப்ட் எங்கே போய் நிற்க வேண்டும். சில கட்டடங்களில் பொது மணிக்கு முன் காவலருக்கு மட்டும் தகவல் போகும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 விதிப்படி, அவர் 15 விநாடிக்குள் பதில் தர வேண்டும். போய்ப் பார்த்துவர அதிகபட்சம் 180 விநாடி. அதற்குள் அவர் தடுக்காவிட்டால் மணி தானாக ஒலிக்கும். யாருக்கு முதலில் தெரிய வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்ற பழைய கேள்விக்கான விடைதான் அந்த அட்டவணை.

மணி ஒலித்தால் மட்டும் போதாது என்பதை வங்கதேசம் காட்டியது. 2012 நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் மணி ஒலித்தது. எழுந்த பெண்களை மேற்பார்வையாளர்கள் மறுபடி தையல் எந்திரத்தின் முன் உட்காரச் சொன்னார்கள். குறைந்தது 112 பேர் இறந்தார்கள். மணியை நம்பி எழுந்து போகும் உரிமையை எந்தப் பெட்டிக்குள்ளும் எழுதிவைக்க முடியாது. அதைச் சங்கமாகச் சேர்ந்துதான் பெற வேண்டும்.

நாம் வேலை செய்யும் கட்டடத்திலும் அப்படி ஓர் அட்டவணை இருக்கக்கூடும். அதில் நம் மாடிக்கு எப்போது மணி ஒலிக்கும் என்று கேட்டு வைப்போம்.