ஓர் இடைவெளியின் வரலாறு

போன செமஸ்டர் முடிவில் நாங்கள் இருவரும் ஒரு போல்டரை அழித்தோம். அழிக்கவேண்டிய போல்டர் அது இல்லை.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறோம். பகுதிநேரமாக ஒரு கணினிக் கூடத்தையும் பார்த்துக்கொள்கிறோம். 'சிஸ்டம் அட்மின்' எண்டு பெயர்தான் பெரிசு. பாஸ்வேர்ட் மறந்த பிள்ளைகளுக்குப் புதுசு போட்டுக் கொடுப்பது, பிரிண்டரில் சிக்கின தாளை இழுப்பது, செமஸ்டர் முடிய பழைய கோப்புகளைத் துப்புரவாக்குவது, இவ்வளவுதான் வேலை. கூடத்தில் இருப்பதெல்லாம் லினக்ஸ். பொறுப்பாக இருக்கும் அண்ணா, "ஒவ்வொண்டாக் கிளிக் பண்ணிக்கொண்டிருந்தா விடிஞ்சிடும், பாஷ் ஸ்கிரிப்ட் பழகுங்கோ" எண்டார். மூன்று கிழமை பழகினோம். கறுப்புத் திரையில் கட்டளையை எழுதி, அது சொன்னபடி நடப்பதைப் பார்க்க எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் மிகவும் சின்னது. ஒரு பட்டியலில் உள்ள போல்டர் பெயர்களை வரி வரியாக வாசித்து, ஒவ்வொன்றையும் ஒரு மாறியில் வைத்து, 'ஆர்எம்' என்ற கட்டளையால் அழிக்கும். பட்டியலில் இறுதி வருட அக்கா ஒருவரின் போல்டரும் இருந்தது: 'நேர்காணல் பழையது'. அதை அழிக்கலாம் என்று அவரே சொல்லியிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே 'நேர்காணல்' என்ற இன்னொரு போல்டர். தன் ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்த 11 பேரின் குரல்கள் அதற்குள் இருந்தன.

மாறியைச் சுற்றி நாங்கள் மேற்கோள் குறி போடவில்லை. அதனால் பாஷ், 'நேர்காணல் பழையது' என்பதை ஒரு பெயராக வாசிக்கவில்லை. நடுவில் இருந்த இடைவெளியில் வெட்டி இரண்டாக வாசித்தது. முதலில் 'நேர்காணல்' போல்டரை அழித்தது. பிறகு 'பழையது' என்ற ஒன்றைத் தேடியது, அப்படி ஒன்று இல்லை, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அழிக்கவேண்டிய பழையது மட்டும் பத்திரமாக இருந்தது.

எட்டுப் பதிவுகள் அக்காவின் போனில் இருந்தன. மூன்று போய்விட்டன. அந்த மூவரில் இருவர் மறுபடி பேசச் சம்மதித்தார்கள். ஒரு அம்மா மட்டும், "ஒருக்காச் சொன்னதே காணும் பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

எங்கட பிழைதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஒரு கேள்வி எங்களை விடவில்லை. மனிதர் ஒருவர் ஒரு பெயராக வாசிப்பதை இந்த மொழி ஏன் இரண்டாக வாசிக்கிறது? யார், எப்போது, எதற்காக அப்படி முடிவெடுத்தார்கள்? வரலாறு படிக்கிற ஆக்கள் நாங்கள், தேடிப் பார்த்தோம்.

ஓட்டுக்குப் பெயர் வந்த கதை

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற முறைமை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்க வழிசெய்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. அங்கே வேலை செய்த பிரான்ஸ்காரர் லூயி பூசான், ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ரைப் பண்ணுவதில் சலித்து, கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒரேயடியாக ஓடவிடும் 'ரன்கொம்' என்ற நிரலை எழுதினார். பாஷ் தொடங்கும்போது வாசிக்கிற அமைப்புக் கோப்பின் பெயர் இன்றைக்கும் 'ஆர்சி' என்று முடியும். அந்த இரண்டெழுத்து ரன்கொம்மின் மிச்சம்.

அடுத்த முறைமையான மல்டிக்ஸுக்காக 1965இல் பூசான் ஒரு குறிப்பு எழுதினார். பயனர் கொடுக்கும் கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் பகுதிக்கு அவர் வைத்த பெயர்தான் 'ஷெல்', அதாவது ஓடு. அவர் நாடு திரும்பிய பிறகு அந்த முதல் ஷெல்லை உண்மையில் கட்டியவர்களில் ஒருவர் எம்ஐடியில் இருந்த கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண். பூசானின் பெயர் தெரிந்த கனபேருக்கு இவருடைய பெயர் தெரியாது.

பத்து எழுத்து வேகம்

1969இல் பெல் ஆய்வுகூடம் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் சின்னதாக வேறொன்றைத் தொடங்கினார்கள். அதுதான் யுனிக்ஸ். 1971இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தொம்சன் எழுதிய ஷெல் இருந்தது.

அவர்களுக்குத் திரை கிடையாது. ரெலிரைப் என்ற, தட்டெழுத்துப் பொறி மாதிரியான ஒன்றில் அடித்தால் பதில் தாளில் அச்சாகி வரும். பரவலாக இருந்த 33ஆம் மாதிரி ரெலிரைப்பின் வேகம் விநாடிக்கு 10 எழுத்து. கைக்கும் இயந்திரத்துக்கும் ஒவ்வொரு எழுத்தும் பாரம். எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம் என்று கட்டளைகள் இரண்டு எழுத்தாகக் குறுகியதன் பின்னணி இதுதான். ஆங்கிலம் எங்களுக்குத் தெரியாததால்தான் இவை விளங்கவில்லை என்று முதல் கிழமை நாங்கள் வெட்கப்பட்டோம். ஆங்கிலம் தாய்மொழியானவருக்கும் அவை விளங்காது என்று தெரிந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது.

1973இல் யுனிக்ஸுக்குக் குழாய் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குள், தோட்டத்துக் குழாய்களைப் பூட்டுகிற மாதிரிப் பூட்டலாம் என்று டக் மக்கில்ரோய் 1964இலேயே எழுதியிருந்தார். அதைத் தொம்சன் ஒரே இரவில் செய்து முடித்தார் என்று மக்கில்ரோயே பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார். உதாரணமாக, எழுதியெடுத்த நேர்காணல் ஒன்றில் 'இடம்பெயர்வு' என்ற சொல் எத்தனை வரிகளில் வருகிறது என்று அறியவேண்டும். 'கிரெப்' அந்த வரிகளைப் பொறுக்கி எடுக்கும், 'டபிள்யூசி' எண்ணித் தரும், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். எங்கட வகுப்பில் ஒரு பின்னேரம் முழுக்கச் செய்கிற வேலை இது.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை இருந்தது. குழாய்க்குள் ஓடுவது வெறும் எழுத்து. எது ஒரு பெயர், எது இரண்டு பெயர் என்ற அறிவு அந்த எழுத்தோட்டத்துக்குள் இல்லை. அதை ஒவ்வொரு நிரலும் தானே வெட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வெட்டு விழுந்த இடம்

1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. நாங்கள் இன்றைக்குப் பழகும் மொழியின் எலும்புக்கூடு இதுதான். போர்ன் அல்கோல் 68 என்ற மொழியில் ஊறியவர். 'இஃப்' என்று திறந்ததை அதே சொல்லைத் திருப்பிப் போட்டு 'ஃபி' என்று மூடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அந்தக் கணக்கில் 'டூ' என்று திறப்பதை 'ஒடி' என்றுதான் மூடவேண்டும். ஆனால் ஒடி என்ற பெயரில் யுனிக்ஸில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது. அதனால் 'டன்' என்று வைத்தார். ஏன் இந்த ஒன்று மட்டும் ஒழுங்கை மீறுகிறது என்று நாங்கள் மண்டையை உடைத்ததற்கு விடை இவ்வளவுதான்.

எங்களைக் கவிழ்த்த விதியும் இந்த ஷெல்லில்தான் இருக்கிறது. மேற்கோள் குறி இல்லாத மாறியை விரித்து, இடைவெளி வரும் இடத்தில் எல்லாம் வெட்டும். அந்தக் காலத்தில் இது பிழை இல்லை, வசதி. அந்த ஷெல்லில் பட்டியல் வைக்கத் தனி வழி இல்லை. ஒரு மாறிக்குள் பல கோப்புப் பெயர்களை இடைவெளி விட்டு எழுதினால் அதுவே பட்டியல். அப்போது ஒரு கோப்பின் பெயர் அதிகம் போனால் 14 எழுத்து. அந்தப் 14க்குள் இடைவெளி விட்டு வீணாக்க யார் நினைப்பார்கள்?

பிறகு காலம் மாறியது, விதி மாறவில்லை. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளைக்காக பிரையன் ஃபொக்ஸ் எழுதிய பாஷ் 1989இல் வந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தபோது தன் முறைமையில் ஏற்கெனவே ஓடுவதாகச் சொன்ன இரண்டு நிரல்களில் ஒன்று பாஷ். 1992இல் போசிக்ஸ் தரம் ஷெல் மொழியை எழுத்தில் நிலைநிறுத்தியது. எழுதிக் குவிந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் அந்த வெட்டை நம்பி இருந்தன, மாற்றினால் அவை உடையும். மறுபக்கத்தில் 1995இல் விண்டோஸ் 95 வந்து, எட்டெழுத்துப் பெயரோடு மல்லுக்கட்டிய ஆக்களுக்கு நீண்ட பெயர்களைக் கொடுத்தது. ஆக்கள் கோப்புகளுக்கு வசனம் மாதிரிப் பெயர் வைக்கப் பழகினார்கள். நாங்கள் தமிழிலேயே வைக்கிறோம். 1970களின் விதியும் எங்கட பழக்கமும் சந்தித்த இடத்தில்தான் அந்த அம்மாவின் குரல் போனது.

வேறு விதமாகவும் செய்திருக்கலாமா? செய்தவர்கள் இருக்கிறார்கள். 1990இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவராக இருந்த போல் ஃபோல்ஸ்டட் எழுதிய இசட்-ஷெல், மாறியைத் தானாக வெட்டாது. மைக்ரோசொப்டில் ஜெஃப்ரி ஸ்னோவர் இன்னும் தூரம் போனார். 2002இல் 'மொனாட்' என்ற பெயரில் அவர் முன்வைத்த திட்டத்தில் குழாய்க்குள் எழுத்து ஓடாது, ஒப்ஜெக்ட் ஓடும். ஒரு கோப்பு கடைசிவரை ஒரு கோப்பாகவே போகும், பெயரில் எத்தனை இடைவெளி இருந்தாலும். கிளிக் பண்ணுவதே எதிர்காலம் என்று நம்பிய நிறுவனத்தில் கட்டளை வரிக்காக நின்றதற்குத் தன்னைப் பதவியிறக்கினார்கள் என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். 2006இல் அது பவர்ஷெல் ஆக வெளிவந்தது, 2016இல் திறந்த மூலமாகி லினக்ஸுக்கும் வந்தது. அதில் அழிக்கும் கட்டளையோடு 'வட்-இஃப்' என்று சேர்த்தால், எதை அழிக்கப்போகிறது என்று மட்டும் சொல்லும், அழிக்காது. அதை வாசித்தபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இவ்வளவும் தேடியது எங்கட பிழையை 1979இன் தலையில் கட்ட இல்லை. மேற்கோள் குறி 1979இலும் இருந்தது. போடாதது நாங்கள். ஆனால் ஒரு விதியை மனப்பாடம் செய்வதற்கும், அது எந்த அறையில் என்ன தேவைக்காகப் பிறந்தது என்று தெரிந்து பாவிப்பதற்கும் வித்தியாசம் இருக்கு. 'மாறிக்கு மேற்கோள் குறி போடு' என்று நாங்கள் பார்த்த பாடங்களில் எல்லாம் இருந்தது. ஏன் என்று கேட்காததால்தான் அது எங்கட கையில் நிற்கவில்லை. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது சரிவராது என்று சொல்பவர்களுக்கும் இதையே சொல்லுவம்: இது மனிதர் எழுதிய மொழி, அதற்கு இலக்கணமும் வரலாறும் இருக்கு, இரண்டும் நாங்கள் படிக்கிற விஷயங்கள்தான்.

இப்போது புதிதாக வந்த தம்பி தங்கச்சிமாருக்கு நாங்கள் பழக்குகிறோம். முதலில் பிரதி எடு. மாறிக்கு மேற்கோள் குறி போடு. ஆர்எம் எழுதுகிற இடத்தில் முதல் தரம் 'எக்கோ' என்று எழுதி ஓடவிடு, என்ன அழியப்போகிறது என்று திரையில் வரும், அதை வாய்விட்டு வாசி. பிறகு செய்.

அக்கா எங்களோடு கோபமாக இல்லை. மிச்சப் பதிவுகளை எழுத்தாக்க நாங்களும் உதவினோம். அவருடைய ஆய்வேட்டில் பத்து நேர்காணல்கள் இருக்கின்றன.