விழும் சுவரும் இழுக்கும் கயிறுகளும்: கீட்டன் படங்களில் கதையின் இடம்

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவையில் கதை என்பது வேடிக்கைகளைக் கோக்கும் நூல் மட்டுமே என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கிவருகிறது. 1980களில் டொனால்ட் கிராஃப்டன் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். வேடிக்கை கதையோட்டத்தை இடைமறிக்கிறது, இரண்டும் ஒன்றாய்க் கரைவதில்லை என்பது அவர் வாதம். டாம் கன்னிங் இத்துணைக் கூர்மையான பிரிவினையை ஏற்கவில்லை. இவ்வழக்கிற்குப் பஸ்டர் கீட்டனின் ஒரே சாகசம் நல்ல சான்றாகும்.

1919இல் வெளிவந்த ‘பேக் ஸ்டேஜ்’ படத்தில் நாடகத் தட்டி ஒன்று ஆர்பக்கிள் மேல் சாய்கிறது. அதிலுள்ள சாளரத் திறப்பு அவரைக் காக்கிறது. 1920இல், ‘ஒன் வீக்’ குறும்படத்தில், வீட்டுச் சுவர் கீட்டன் மேல் அவ்வாறே விழுகிறது. 1928இல் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் விழுந்த முகப்பு ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ளது. மூன்றிலும் பொறி ஒன்றே. எடை கூடியதால் அச்சம் கூடியது. அதற்குக் கதையின் துணை வேண்டியதில்லை. இவ்வளவில் கிராஃப்டன் கூறுவது சரியே.

ஆனால் அதே படத்தின் இறுதியை நோக்குக. கல்லூரியிலிருந்து திரும்பும் மகன் வில்லியைப் படகோட்டியான தந்தை பொருட்படுத்துவதில்லை. இயந்திர அறையில் அவன் தொட்டதெல்லாம் கோளாறாகிறது. தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் பேதைமையும் மடனும் இங்கே அருகருகே நிற்கின்றன. பின்னர்ப் புயலில், தந்தை அடைபட்ட சிறைக்கட்டடம் ஆற்றில் மூழ்கும்போது, வில்லி இயந்திர நெம்புகோல்களில் கயிறுகளைக் கட்டி, மேல்தளத்தில் நின்றபடி தனியொருவனாகவே படகைச் செலுத்திச் சிறையைப் பிளக்கிறான். முன்பு அவனை நகைப்புக்கு இடமாக்கிய அதே இயந்திரமே இப்போது அவன் சொற்படி நடக்கிறது. முற்பகுதியைக் காணாதவர்க்கு இக்காட்சி கயிற்று வித்தையாகவே தோன்றும்.

முதலில் திட்டமிடப்பட்டது வெள்ளம். 1927ஆம் ஆண்டு மிசிசிப்பிப் பெருவெள்ளத்தின் துயரம் ஆறாத நிலையில் அது புயலாக மாற்றப்பட்டது. பேரிடர் மாறியும் தந்தை–மகன் பிணக்கு மாறவில்லை. எது துணுக்கு, எது கட்டுக்கோப்பு என்பதைக் கீட்டன் குழுவினர் நன்கறிந்திருந்தனர் என்றே கருதுகிறேன். இரண்டு சுருள் குறும்படத்திலிருந்து முழுநீளப் படத்திற்கு வந்தபோது, நம்பவியலாத கேலிச்சித்திர வேடிக்கைகளை அவர் கைவிட்டதும் இதனாலேயே.

ஆயினும் இன்று நினைவில் நிற்பது சுவர், கயிறுகள் அல்ல. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ராபர்ட் யங்சன் 1950களின் இறுதியிலிருந்து வெளியிட்ட தொகுப்புப் படங்கள், பழைய நகைச்சுவையைத் துண்டுகளாகவே ஒரு புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தன. துண்டாகப் பார்த்தவர்க்குக் கதை வெறுஞ்சாக்காகத் தோன்றியதில் வியப்பில்லை. தமிழிலும் இது நேர்ந்துள்ளது. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில்கதை சொல்லும் காட்சி தொலைக்காட்சியில் தனித்தே சுற்றிவருகிறது. படமெடுக்கத் தந்தையிடம் பணம் பெற முயலும் மகனின் தவிப்பு அத்துண்டில் பெரிதும் மங்கிவிடுகிறது. எஞ்சுவது குரலும் முகபாவமும்.