சுமைதாங்கிக் கற்கள்

மாடும் வண்டியும் சுமந்தது போக மிஞ்சிய சரக்கெல்லாம், நெல் மூட்டையும் உப்புக் கூடையும் விறகுக் கட்டும் சந்தைக்குப் போகும் சட்டி பானையும், ஒரு காலத்தில் மனிதரின் தலைமீதே ஊர்விட்டு ஊர் பிரயாணம் செய்தன. தலைச்சுமையின் துன்பம் அதன் பாரத்தில் மட்டும் இருப்பதன்று. கீழே இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னொரு கை வேண்டும், ஆளரவமற்ற பாதையில் அந்தக் கை கிடைக்காது என்ற அச்சமே, கழுத்து நோகவும் கால் தளரவும், நிற்க விடாமல் மனிதனை விரட்டிக்கொண்டு போகும்.

இச்சங்கடத்துக்கு நம் முன்னோர் கண்ட பரிகாரம் மிக எளியது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் நீண்ட கல் ஒன்றைக் கிடத்தினார்கள். வழிப்போக்கன் அதன் அருகே வந்து, முழங்காலைச் சற்றே மடக்கி, ஒருவர் துணையுமின்றித் தலைச்சுமையைக் கல்லின்மேல் நகர்த்திவிடுவான். சும்மாட்டைப் பிரித்து உதறி, அந்தத் துண்டாலேயே முகத்தையும் பிடரியையும் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கிணற்றிலோ தண்ணீர்ப் பந்தலிலோ தாகம் தீர்த்து, அரசமர நிழலில் உட்காருவான். சுமை ஒரு பலமும் குறைந்திராது. போகவேண்டிய ஊரும் கிட்டே வந்திராது. ஆயினும் அந்தச் சில நிமிஷங்களில் கடந்த காதத்தின் அலுப்பும் வரும் காதத்தின் கவலையும் அவனைத் தீண்டுவதில்லை. வேர்வை உலரும் உடம்பும், அதன்மேல் படும் காற்றுமே அவனுக்கு அப்போது உலகம்.

இக்கற்களை நாட்டியவர் யார் என்று விசாரித்தால் நெஞ்சு கனக்கிறது. 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தது சரித்திரப் பிரசித்தம். சுமைதாங்கியோ பெரும்பாலும் சாமானியக் குடும்பங்கள் செய்த தர்மம். கருவுற்ற நிலையிலோ பிரசவ வேதனையிலோ உயிர் நீத்த பெண்ணின் ஞாபகமாக அவளுடைய உற்றார் இதை நடுவது வழக்கமாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டவளின் ஆத்மா, வழியில் பிறர் சுமை இறங்குந்தோறும் சாந்தி பெறும் என்று அவர்கள் நம்பினார்கள். சில கற்களில் அவள் பெயரும் வருஷமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. துக்கத்தை இவ்வளவு பயனுள்ள உருவில் நிறுத்திய வேறொரு நினைவுச் சின்னத்தை நான் அறியேன்.

யாழ்ப்பாணத்திலும் சுமைதாங்கி நடும் வழக்கம் இருந்தது. அங்கே மடமும் கேணியும் சுமைதாங்கியும் அடுத்தடுத்து அமைந்த இடங்களில், மாடுகள் உடம்பைத் தேய்த்துத் தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் நட்டிருப்பார்கள். வாயில்லாப் பிராணியின் அலுப்பையும் எண்ணிப் பார்த்த அந்த மனம் பெரிது.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் பஸ்ஸும் லாரியும் பெருகின. தலைச்சுமைக்காரர் சாலையை விட்டு மறைய, கற்களில் சில சாய்ந்தன, சில மண்ணில் புதைந்தன. சிலவற்றுக்கு மட்டும் மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்குகிறார்கள். சாலையை அகலமாக்க வருவோர், கல்லைப் பெயர்க்குமுன் அதிலுள்ள பெயரைப் படித்து எழுதிவைத்துக்கொண்டு, பத்தடி தள்ளி மரநிழலில் மறுபடியும் நட்டுவிட்டால் போதும். அதற்குச் செலவு அதிகமில்லை.