சுட்டுவிரலும் சொல்லும்: குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளை இனங்காணும் வரலாறு – புதுச்சேரி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குழந்தையிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் பேச்சுத் தாமதமாகவே கவனத்திற்கு வருகின்றன. ஆனால், பேச்சுக்கு முந்தைய சமூக ஊடாட்டத்திலேயே அவை வெளிப்படத் தொடங்குகின்றன என்பது மருத்துவ ஆய்வுகளின் முடிவு. இந்த ஊடாட்டங்களைத் திங்கள்வாரியாக வரிசைப்படுத்திய மரபு தமிழில் பிள்ளைத்தமிழாக நிலைபெற்றுள்ளது. அம்மரபையும் மருத்துவ, சட்ட வரலாற்றையும் இணைத்து நோக்கி, குடும்பத்தின் கண் கண்டதற்கும் நிறுவனங்கள் பெயரிட்டதற்கும் இடையே நிலவிய இடைவெளியை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், பிள்ளைத்தமிழ், அம்புலிப் பருவம், புதுச்சேரி, தொடக்கநிலை இனங்காணல்.

1. பேச்சை மையமிட்ட வழக்காறுகள்

இரண்டு வயதைக் கடந்தும் குழந்தை பேசவில்லையெனில், “ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அவன் அப்பனும் அப்படித்தான்” என்று வீட்டு மூத்தோர் தேற்றுவது தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பரவலான வழக்கம். பேச்சு வர நாவில் வசம்பு தேய்ப்பர். வசம்பிற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்னும் பெயரே உண்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள சீர்காழியை அடுத்தது திருக்கோலக்கா. சம்பந்தர் பெற்ற பொற்றாளத்திற்கு ஓசை கொடுத்தவளாகப் போற்றப்படும் அத்தலத்து அம்மனிடம், பேசாத குழந்தைக்காகப் பெற்றோர் வேண்டிக்கொள்கின்றனர். தேறுதல், மருந்து, வேண்டுதல் ஆகிய மூன்றும் குழந்தையின் நாவையே நோக்குகின்றன. பேச்சு பிறக்கும் முன்பே அறியத்தக்க குறிகள் இவற்றின் எல்லைக்குள் வருவதில்லை.

2. மருத்துவ வரலாற்றில் அறிகுறிகளின் இடமாற்றம்

‘ஆட்டிசம்’ என்னும் சொல்லை 1911இல் யூஜின் புளூலர் மனச்சிதைவு நோயின் ஒரு கூறாகவே வழங்கினார். 1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே அதனைக் குழந்தைப்பருவத்தின் தனித்த நிலையாக நிறுவியது. அப்பதினொருவருள் எண்மர் பேசினர் என்பது இங்குக் கருதத்தக்கது. சிலர் செவிடரென்றோ அறிவு வளர்ச்சி குன்றியவரென்றோ முன்னர்க் கருதப்பட்டிருந்தனர். தூக்க முனையும்போது உடலை முன்கூட்டியே ஆயத்தப்படுத்திக்கொள்ளாமை போன்ற கைக்குழந்தைப் பருவக் குறிகளைப் பெற்றோரின் நினைவிலிருந்து கானர் பதிவுசெய்தார். நோயாகப் பெயரிடப்படும் முன்பே தாய்மாரின் கண்ணுக்கு அது தென்பட்டிருந்தது.

இப்பதிவுகள் கள ஆய்வுக் கருவியாக மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. 1992இல் சைமன் பேரன்-கோஹனும் அவர்தம் குழுவினரும் 18 திங்கள் குழந்தைகளுக்கான ‘சாட்’ வினாநிரலை வெளியிட்டனர். ஏறத்தாழ 16,000 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பெற்று 1996இல் வெளியான ஆய்வு மூன்று செயல்களின் இன்மையை முதன்மைக் குறிகளாகக் கண்டது: விருப்பமானதைப் பிறர்க்குக் காட்டச் சுட்டுதல், பிறர் நோக்கும் திசையில் தானும் நோக்குதல், பாவனை விளையாட்டு. 12 திங்களில் மழலையோ கையசைவுக் குறிப்போ இன்மை, 16 திங்களில் ஒரு சொல்லும் இன்மை, எவ்வயதிலேனும் கற்ற சொல்லையோ சமூகத் திறனையோ இழத்தல் ஆகியன உடனடி மதிப்பீட்டிற்குரியவை என அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2000ஆம் ஆண்டு நெறிமுறை வரையறுத்தது. இவற்றுள் ஒன்றைக் கொண்டே ஆட்டிசம் எனத் துணிதல் பிழையாகும். செவித்திறன் சோதனையும் வல்லுநர் மதிப்பீடும் இன்றியமையாதவை.

3. பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் காட்டும் குழந்தை

பாட்டியல் மரபு, மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை இரண்டிரண்டு திங்கள் இடைவெளியில் பத்துப் பருவங்களை வகுக்கின்றது. திங்கட் கணக்கில் நூல்களுக்கிடையே வேறுபாடு உண்டாயினும் வரிசை பெரிதும் ஒத்துள்ளது. கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் திங்களிலும், அழைத்தால் வரும் வாரானை பதின்மூன்றிலும், நிலவை விளையாட அழைக்கும் அம்புலி பதினைந்திலும், சிற்றில் பதினேழிலும் அமைகின்றன. சப்பாணி பிறர் செய்கையைப் போலச் செய்தலையும், வாரானை அழைப்பிற்கு எதிர்வினையாற்றலையும், சிற்றில் பாவனை விளையாட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. அம்புலியோ தாயும் சேயும் மூன்றாவதொரு பொருளை ஒருங்கே நோக்கும் காட்சியாகும். பெரியாழ்வார் பாசுரத்தில் குழந்தையே தன் சிறிய கைகளால் நிலவைச் சுட்டி அழைக்கின்றது. ‘சாட்’ வினாநிரல் தேடும் செயல்கள் இப்பருவ வரிசையில் முன்பே இடம்பெற்றுள்ளன.

பிள்ளைத்தமிழைக் குறையறியும் நூலெனக் கொள்ளுதல் பொருந்தாது. அது தெய்வத்தையும் தலைவரையும் குழந்தையாகப் பாவித்துப் புகழும் இலக்கியம். எல்லாப் பருவத்தையும் நிறைவாகக் கடக்கும் குழந்தையே அதில் உண்டு. நிலவைக் காட்டியும் திரும்பாத குழந்தைக்கு அங்கு இடமில்லை. எனினும், குழந்தையின் வளர்ச்சியைச் சமூக ஊடாட்டத்தால் அளந்த கண் தமிழ்ச் சமூகத்திற்குப் புதியதன்று என்பதற்கு அது சான்றாகின்றது.

4. கண்டதும் பெயரிட்டதும்

சென்னை உள்ளிட்ட நான்கு இந்திய நகரங்களில் 95 குடும்பங்களிடம் தமரா டேலி நிகழ்த்திய ஆய்வு 2004இல் வெளியானது. பிறரோடு பழகுவதில் உள்ள வேறுபாட்டையே இந்தியப் பெற்றோர் முதலில் கவனித்தனர் என்றும், அமெரிக்கப் பெற்றோரைவிட ஆறு முதல் பத்துத் திங்கள் பிந்தியே அறிகுறிகளை உணர்ந்தனர் என்றும் அது காட்டியது. பழகும் முறையில் கருத்துடைய கண் இருந்தும் காலம் பிந்தியது. கண்டதைக் கொண்டுசெல்லப் பெயரும் இடமும் அருகியிருந்தமை இத்தகைய பிந்துதலை மேலும் நீட்டித்தது எனலாம்.

புதுச்சேரியில் மருத்துவக் கல்வியின் தொடக்கம் தொன்மையானது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே 1964இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்ற நிறுவனம். ஆயினும் வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளுக்கான சத்யா சிறப்புப் பள்ளி 2003இல்தான் நகரில் தொடங்கப்பெற்றது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2009இல் நாற்பது கூறுகளைக் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் வெளியாயிற்று. அதன் முதற்பகுதி பேச்சன்று, சமூக உறவே. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் அங்கன்வாடிக் குழந்தைகளையும் வளர்ச்சிக் குறைபாட்டுச் சோதனைக்குள் கொணர்ந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமே 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது.

பெயரிடலில் இடர்ப்பாடு இன்னும் தீரவில்லை. ‘மதியிறுக்கம்’ அறிவுக்குறையை நினைவூட்டுகின்றது. ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ குழந்தையின் உள்ளத்தை வெறுமையாக்கிக் காட்டுகின்றது. இத்தகைய பெயரைத் தம் குழந்தைக்கு ஏற்கப் பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை. அத்தயக்கத்தின் விலை, பயிற்சி மிகுதியும் பயன்தரும் தொடக்க ஆண்டுகளாகும்.

முடிவுரை

தொடக்கநிலை இனங்காணலைப் புறத்திலிருந்து வந்த புதிய பார்வையாக மட்டும் கருதுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தாய்மார் நிலவு காட்டிச் சோறூட்டும் வேளையிலும், பாட்டிமார் கைவீசக் கற்பிக்கும் வேளையிலும் உரிய குறிகள் வெளிப்படுகின்றன. அங்கன்வாடிப் பணியாளரும் மருத்துவரும் “பேசுகிறதா?” என்பதோடு “நிலவைக் காட்டினால் பார்க்கிறதா? தானாகச் சுட்டிக் காட்டுகிறதா? பெயர் சொன்னால் திரும்புகிறதா?” என்றும் வினவுவாராயின், குடும்பம் தான் முன்பே கண்டதைச் சொல்ல வழி பிறக்கும். பிள்ளைத்தமிழ்ப் பருவ வரிசையைக் குழந்தை வளர்ச்சியியலோடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்வது தமிழாய்வும் மருத்துவமும் கூடிச் செய்யத்தக்க பணியாகும்.