தலச்சேரிக் கேக்கும் அஞ்சரக்கண்டிக் கறுவாவும்

மார்கழிக் குளிர் தொடங்கியதும் இந்திய நகரங்களின் பல வீடுகளில் கறுவாவும் சுக்கும் சாதிக்காயும் மணக்கத் தொடங்குகின்றன. ரம்மில் ஊறிய உலர்பழங்களைச் சேர்த்துச் செய்யும் பெரிய கேக்காயினும், அத்தகைய மாவைச் சிறு காகிதக் கிண்ணங்களில் ஊற்றிச் சுடும் மஃபினாயினும், பொதுவழக்கில் அது வெள்ளைக்காரர் கொண்டுவந்து கொடுத்த பண்டம். இக்கருத்துக்குச் சான்றாக டிசம்பர்தோறும் பகிரப்படுவது தலச்சேரிக் கதை. அக்கதையைக் கூறுகூறாகப் பிரித்து நோக்கினால், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது அத்தனை எளிய கேள்வியாக இருப்பதில்லை.

கதை இதுதான். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுத் திரும்பிய மம்பள்ளி பாப்பு, 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி என்ற அடுமனையைத் தொடங்கினார். 1883ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு முன்னர், அஞ்சரக்கண்டித் தோட்டத்தின் உரிமையாளரான மர்டாக் பிரவுன் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றை அவரிடம் கொடுத்து, அதைப் போலவே செய்து தரக் கேட்டார். பாப்பு தர்மடத்துக் கொல்லர் ஒருவரிடம் அச்சு வாங்கினார். மலபார்ச் சரக்குகளைச் சேர்த்தார். அருகிலிருந்த பிரெஞ்சு மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கச் சொன்ன யோசனையைத் தள்ளிவிட்டு, முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்துக் காய்ச்சிய உள்ளூர் மதுவை ஊற்றினார். பிரவுன் மகிழ்ந்து மேலும் ஒரு டஜன் கேட்டார். இவ்வளவும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்போடும் எச்சரிக்கையோடும் இதனை அணுகவேண்டும்.

முதலில் அந்தக் கேக்கின் சரக்குகள். சுக்கு, இஞ்சி ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜிஞ்சர்’ என்ற சொல், லத்தீனின் ஜிங்கிபெர், கிரேக்கத்தின் ஜிங்கிபெரிஸ் வழியாகப் பாலி மொழியின் சிங்கிவேரம் வரை பின்னோக்கிச் செல்கிறது. சிங்கிவேரத்தின் முற்பகுதி ‘இஞ்சி’, பிற்பகுதி ‘வேர்’. தென்திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் கெடுவதை டி. பரோ விரிவாக விளக்கியுள்ளார். எனவே தமிழும் மலையாளமும் இழந்துவிட்ட அந்தச் சகரத்தைப் பாலி வடிவம் இன்றும் காத்துவைத்திருக்கிறது. வடமொழியோ அதனைச் ‘சிருங்கவேரம்’, அதாவது கொம்பு போன்ற உடலுடையது, என்று தன் இயல்புக்கேற்ப மாற்றிப் பொருள் கண்டது. இந்த ஒரு சொல்லின் பயணத்துக்காகவே ஆலன் ராஸ் 1952இல் தனிநூல் எழுதினார். இதனால் கேக் இந்தியாவில் பிறந்தது என்று ஆகிவிடாது. ஆனால் 1883இல் கப்பலேறி வந்த அந்தக் கேக்கின் மணம், மேற்குக் கரையிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புறப்பட்டுச் சென்ற ஒன்று என்பது மட்டும் உறுதி.

‘உள்ளூர்’ என்ற சொல்லும் அவ்வளவு எளிதன்று. பாப்பு பயன்படுத்திய முந்திரி, போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். மலையாளத்தில் அதற்கு வழங்கும் ‘பறங்கிமாவு’ என்ற பெயரே அதன் பிறப்பைச் சொல்கிறது. ‘பிளம் கேக்’கில் பிளம் பழம் இருக்கவேண்டியதும் இல்லை, பதினேழாம் நூற்றாண்டு முதலே ஆங்கிலேயர் உலர்திராட்சையையும் அப்பெயரால் அழைத்தனர். பெயர்களை மட்டும் நம்பி எப்பண்டத்தின் ஊரையும் முடிவு செய்ய இயலாது.

அடுத்தது, கதையில் எவரும் நின்று நோக்காத ஊரான அஞ்சரக்கண்டி. கிழக்கிந்தியக் கும்பினி 1797இல் அங்கே நறுமணப் பயிர்த்தோட்டம் ஒன்றை நிறுவியது. அதனை நடத்தியவரும், பின்னர்த் தம் உடைமையாக்கிக் கொண்டவரும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மர்டாக் பிரவுன். அவர் 1828இல் இறந்துவிட்டார். ஆகவே கேக் கதையில் வருபவர் அதே பெயருடைய பிற்காலத்தவராகவே இருக்கமுடியும். பல இணையப் பதிவுகள் இருவரையும் ஒருவராகக் குழப்புகின்றன. அத்தோட்டம் கறுவாவுக்குப் பெயர்பெற்றது. அந்தக் கறுவாவை வளர்த்த உழைப்பில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது. 1811-12இல் வடமலபாரின் நீதித்துறை அதிகாரி தாமஸ் ஹார்வி பேபர் நடத்திய விசாரணையில், திருவிதாங்கூரிலிருந்து கடத்திவரப்பட்டவர்கள், அவர்களுள் குழந்தைகளும், அத்தோட்டத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. பேபர் அவர்களை மீட்டார். அடிமைகளை வாங்க அரசின் ஒப்புதல் தமக்கு இருந்ததாகப் பிரவுன் வாதிட்டார். கும்பினி ஆட்சியில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால்தான் நீங்கியது. கேக் கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது அதற்குச் சரியாக நாற்பது ஆண்டுகள் பின்னர்.

அப்படியானால் வெளியிலிருந்து வந்தது எது? பெரும்பாலும் சுடும் முறையும் எழச்செய்யும் முறையும். அடியிலிருந்து மட்டும் அனல் தரும் விறகடுப்பில் தோசையும் பணியாரமும் வேகும்; கேக்குக்கு நாற்புறமும் சீரான அனல் வேண்டும். ரொட்டி சுடும் சூளையடுப்பு மேற்குக் கரையில் போர்ச்சுகீசியர் காலத்தில் வேரூன்றியது. ‘பாவ்’ என்ற ரொட்டிப்பெயர் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. மாவைப் பொறுத்தவரை, கள்ளைக் கொண்டு அப்பமாவைப் புளிக்கவைக்கத் தெரிந்தவர்களுக்கு நொதித்தல் புதிதன்று. புதியது இரசாயனப் பொடி. மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தால் மாவை எழச்செய்யும் முறையை அமெலியா சிம்மன்சின் அமெரிக்கச் சமையல் நூல் 1796இலேயே அச்சேற்றியது. 1843இல் ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். மாவைக் கலந்த உடனேயே சுடக்கூடிய இன்றைய மஃபின் இந்த வழியில் வந்தது.

சூளை வீட்டில் இல்லாததால், இந்தியாவில் ‘வீட்டுக் கேக்’ நெடுங்காலம் தெருவின் கேக்காகவே இருந்தது. அலகாபாத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நெய், பூசணிப் பேட்டா, ஆரஞ்சு மர்மலேட், சோம்பு, சுக்கு, சாதிபத்திரி, ரம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு அடுமனைக்குச் செல்லும் வழக்கம் உண்டு. கலவை அவரவர் குடும்பத்தினுடையது. பிசையும் கையும் சூட்டின் கணக்கும் அடுமனைக்காரருடையவை. வேறிடங்களில் பாத்திரத்தில் மணல் பரப்பியும், மூடிமேல் கங்கு இட்டும் பெண்கள் சூளையையே வீட்டுக்குள் உருவாக்கிக் கொண்டனர். மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன் இவற்றுக்கெல்லாம் பின்னர் வந்தது.

எனவே 1883இன் கதையை, ஒருவர் கொடுத்தார், மற்றவர் நகலெடுத்தார் என்று சுருக்குவது பிழை. பாப்பு நகலெடுக்கவில்லை, பிராந்தியை மறுத்ததில் ஒரு கைவினைஞரின் முடிவு இருக்கிறது. அவர் பெயர் எஞ்சியதற்குக் காரணம், அதைச் சொல்லிவர ஒரு குடும்பமும் தொழிலும் இருந்தன. அச்சு வார்த்த தர்மடத்துக் கொல்லருக்கு அக்கதையில் பெயரில்லை. அஞ்சரக்கண்டியில் கறுவாமரங்களுக்கிடையே வேலைசெய்த, திருவிதாங்கூரிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகளுக்கோ அக்கதையில் இடமே இல்லை. அவர்களைத் தேடவேண்டிய இடம் கேக்கின் வரலாறு அன்று. பேபரின் விசாரணை ஆவணங்கள். ஆயினும் அந்த ஆவணங்களையும் கேக்கின் கதையையும் ஒரே ஊரின் வரலாறாகச் சேர்த்து வாசிக்கும் பொறுப்பு உணவு வரலாற்று மாணவர்களுக்கு உண்டு.