நெஞ்சில் ஓர் ஆலயம்: காதல் பாடல்களில் பாத்திர உணர்வு

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். சித்ராலயா நிறுவனத்துக்காக ஸ்ரீதர் எழுதி இயக்கிய இந்தப் படத்துக்கு இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன், ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார் மூவரும் முதன்மை வேடங்களில் நடித்தனர். பாத்திரங்கள் வாய்விட்டுப் பேச முடியாததைப் பாடல் வழியே சொல்லவைத்த தமிழ்ப் படங்களில் இதற்குத் தனியிடம் உண்டு. இங்கே காதல் பாடல் காதலை வளர்ப்பதற்காக வருவதில்லை. முடிந்துபோன ஒரு காதலுக்கும் முடிந்துவிடுமோ என்று அஞ்சும் ஓர் இல்லறத்துக்கும் நடுவே நின்று, மூன்று மனங்களைத் தனித்தனியே திறந்துகாட்டுகிறது.

கதைச் சூழல்

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட வேணுவும் (முத்துராமன்) அவன் மனைவி சீதாவும் (தேவிகா) ஒரு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அங்கே மருத்துவராக இருப்பவர் சீதாவின் முன்னாள் காதலர் முரளி (கல்யாண்குமார்). பழைய கதை வேணுவுக்குத் தெரியவருகிறது. தான் பிழைக்காவிட்டால் சீதா முரளியை மணந்துகொள்ள வேண்டும் என்கிறான். முரளியோ உணவும் உறக்கமும் மறந்து உழைத்து, அறுவை சிகிச்சையில் வேணுவைக் காப்பாற்றிவிட்டு, தான் உயிரிழக்கிறார்.

மூவருமே நல்லவர்கள், மூவருக்கும் மற்றவரைப் புண்படுத்தக் கூடாது என்ற கவலை. மனைவி தன் பழைய காதலைப் பற்றிப் பேச முடியாது. மருத்துவர் நோயாளியின் மனைவியிடம் தன் ஏக்கத்தைச் சொல்லக் கூடாது. கணவன் தன் மரண பயத்தைக் காட்டிக்கொள்ள விரும்புவதில்லை. வசனம் அடங்கிப்போகும் இந்த இடங்களில்தான் பாடல்கள் தொடங்குகின்றன.

அகப்பாடல் மரபும் திரைப்பாடலும்

சங்க அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தலைவன் கூற்று, தோழி கூற்று என்று பிரிப்பது தமிழ் மரபு. யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்ற துறைக்குறிப்பு இல்லாமல் அந்தப் பாடல்களின் பொருள் முழுமையடைவதில்லை. திரைக் காதல் பாடலும் இவ்வாறே இயங்குகிறது. கதைச் சூழலே அதன் துறை. சூழல் கூர்மையாக இருந்தால், எளிய சொற்களும் கனம் பெறுகின்றன. கண்ணதாசன் இந்தப் படத்துக்கு எழுதிய பாடல்கள் பெரும்பாலும் பேச்சுவழக்குக்கு நெருக்கமான சொற்களால் ஆனவை. அவற்றின் ஆழம் சொல்பவரின் நிலையிலிருந்து வருகிறது.

மூன்று பாடல்கள், மூன்று மனங்கள்

கணவன் மறுமணம் பற்றிப் பேசியதற்குச் சீதா தரும் பதில், பி. சுசீலா பாடிய ‘சொன்னது நீதானா’. தன்னை நேசித்தவன் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்ததா என்ற திகைப்பில் பாடல் தொடங்குகிறது. சீதா தன் பழைய காதலை மறுத்து வாதாடுவதில்லை. கணவன் மீது சினந்து எழுவதுமில்லை. அவன் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கிறாள். நம்ப முடியாமையும் மனத்தாங்கலும் அன்பும் அந்தக் கேள்விக்குள் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. பாடலோடு வரும் சிதார் அந்த விம்மலை ஏந்திச் செல்கிறது. சுசீலா குரலை உயர்த்தி அழுவதில்லை; சொல்லைத் தெளிவாக உச்சரித்தபடியே துயரத்தைக் காட்டுகிறார். அழுகையை அடக்கிக்கொண்டு கணவன் முன் நிற்கும் ஒரு பெண்ணின் குரலாக அது அமைந்துவிடுகிறது.

வேணுவுக்கு வாய்த்தது பி.பி. ஸ்ரீநிவாஸின் குரல். ‘நினைப்பதெல்லாம்’ என்று தொடங்கும் பாடல் மேலோட்டமாக வாழ்க்கைத் தத்துவம் பேசுகிறது. மனைவியின் பெயரோ காதல் என்ற முறையீடோ அதை வழிநடத்துவதில்லை. ஆனால் படுக்கையில் இருக்கும் கணவன் பாடும்போது, தான் இல்லாத நாளுக்கு மனைவியைப் பக்குவப்படுத்தும் முயற்சியாகவே அது மாறுகிறது. தன் அச்சத்தைப் பொதுவான உண்மையாக்கிச் சொல்வது வேணுவின் இயல்பு. மென்மையான, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ஸ்ரீநிவாஸின் குரல் அந்த இயல்போடு இசைந்துபோகிறது.

முரளிக்கான பாடல் ‘எங்கிருந்தாலும் வாழ்க’. துள்ளலான பாடல்களுக்கும் நகைச்சுவைப் பாடல்களுக்கும் பெயர்பெற்ற ஏ.எல். ராகவனின் குரல் இங்கே முற்றிலும் வேறொரு முகம் காட்டுகிறது. இழந்தவர் இழக்கப்பட்டவளை வாழ்த்துகிறார். வாழ்த்தின் வடிவத்தில் வருவதால் ஏக்கத்தைப் பாட மருத்துவருக்கு உரிமை கிடைக்கிறது. பின்னர் வரும் அவருடைய தியாகத்தை நம்பவைப்பதும் இந்தப் பாடலே. இது இல்லையென்றால் முரளி கடமை தவறாத மருத்துவராக மட்டுமே நினைவில் நின்றிருப்பார்.

பின்னணிக் குரல்

தமிழில் பின்னணிப் பாடும் முறை 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தோடு அறிமுகமானது. அதன்பின் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்பது வழக்கமாயிற்று. ஹாலிவுட்டிலும் இரவல் குரல் உண்டு. ‘மை ஃபேர் லேடி’ (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களில் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்சன். ஆனால் அவர் பெயர் திரையில் வரவில்லை. தமிழ் ரசிகர்களோ பாடகர் யார் என்பதை அறிந்தே கேட்டார்கள். ஒரு பாத்திரத்துக்கு எந்தக் குரல் என்ற தேர்வே பாத்திரப் படைப்பின் பகுதியாயிற்று. முரளிக்கும் வேணுவுக்கும் இரு வேறு ஆண்குரல்களைக் கொடுத்ததால், கண்ணை மூடிக் கேட்டாலும் இரு மனங்களும் பிரிந்தே ஒலிக்கின்றன.

காட்சியமைப்பு

படம் பெரும்பாலும் ஒரே மருத்துவமனை அரங்குக்குள், ஏறத்தாழ ஒரு மாதத்தில் எடுக்கப்பட்டது. கட்டில், சன்னல், தாழ்வாரம் தவிர வேறு வெளி இல்லாத நிலையில், வின்சென்டின் ஒளிநிழலும் கேமராவின் நகர்வும் நெருக்கக் காட்சிகளும் பாடல்களைத் தாங்குகின்றன. பூங்கா, மலைச்சாரல் என்று பாடல் வெளியே ஓடுவதில்லை. அதனால் கதையின் இறுக்கமும் தளர்வதில்லை.

ஸ்ரீதர் தம் முதல் இயக்கமான ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் வேறொரு வழியைக் கையாண்டார். ஏ.எம். ராஜா இசையில், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளோடு ஒரே மெட்டு, மகிழ்ச்சியில் சுசீலாவின் குரலிலும் துயரத்தில் ராஜாவின் குரலிலும் வருகிறது. அங்கே ஒரு மெட்டு இரு நிலைகளைக் காட்டியது. இங்கே ஒரு நெருக்கடியை மூன்று மெட்டுகள் காட்டுகின்றன.

மறு ஆக்கங்களும் பெங்களூருத் தொடர்பும்

ஸ்ரீதரே ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ கதையை இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ (1963) என்றும், தெலுங்கில் ‘மனசே மந்திரம்’ (1966) என்றும் எடுத்தார். இந்திக்கு இசை சங்கர்–ஜெய்கிஷன். அதில் அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில், விடிந்துவிடாதே என்று இரவிடம் மன்றாடும் பாடலை நாயகி பாடுகிறாள். அதே கதையில் உணர்வின் முகவரி இவ்வாறு மாறும்போது பாத்திரமும் சற்று மாறிவிடுகிறது.

முரளியாக நடித்த கல்யாண்குமார் பெங்களூரைச் சேர்ந்தவர். ராஜ்குமார், உதயகுமார் ஆகியோருடன் கன்னடத் திரையின் மூன்று ‘குமார்’களில் ஒருவராகப் போற்றப்பட்டவர். வேணுவின் குரலான பி.பி. ஸ்ரீநிவாஸ் கன்னடத்தில் நெடுங்காலம் ராஜ்குமாரின் பாட்டுக்குரலாக விளங்கினார். பெங்களூரில் வளர்ந்த ரஜினிகாந்த் நடித்த ‘குங்கும ரக்ஷே’ (1977) இந்தக் கதையின் கன்னட வடிவம்.

முக்கியத்துவம்

காதல் பாடல் என்றால் கதையை நிறுத்திவைக்கும் இடைவேளை என்ற குறை தமிழ்த் திரை மீது நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ அதற்கு வலுவான மறுப்பு. இந்த மூன்று பாடல்களையும் நீக்கினால் நிகழ்ச்சிகள் எஞ்சும். ஆனால் சீதா ஏன் கலங்கினாள், வேணு எதை மறைத்தான், முரளி எதைச் சுமந்தார் என்பது பார்வையாளருக்கு எட்டாது.